சித்திரையிலா, மாசியிலா? 33 அடிப் பாய்ப்படகில் சீஷெல்ஸ் வரை

#1 · ஏராக்கட்டை

வணிகக் கப்பல்களின் இயந்திர அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய வல்வெட்டித்துறைக்காரன் நான். அத்தனை ஆண்டுகளிலும் கடலைக் கண்ணால் பார்த்ததைவிட இரும்புச் சுவருக்கு அப்பால் அதன் சத்தத்தைக் கேட்டதே அதிகம். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வதற்காகக் கடந்த ஆண்டு திருகோணமலையில் நின்ற 33 அடிப் பைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கினேன். ஒற்றைப் பாய்மரம், நீருக்குக் கீழே 1.7 மீற்றர் ஆழம் இறங்கும் ஏரா, 20 குதிரைவலு டீசல் எஞ்சின், இரண்டு தண்ணீர்த் தாங்கிகளிலுமாக 180 லீற்றர் என்பவை அதன் அடிப்படை விவரங்கள். நானும் மனைவியும் மட்டுமே செல்கிறோம்.

பருத்தித்துறை முனையைச் சுற்றித் திருகோணமலை, அங்கிருந்து காலி, பின்னர் மாலைதீவின் வடக்கு முனையிலுள்ள உலிகமு, தீவுக் கூட்டத்தின் ஊடாகத் தெற்கே கன், இறுதியாகச் சீஷெல்ஸின் மாஹே என்று வழியைக் குறித்திருக்கிறேன். படகை முதலில் ஊருக்குக் கொண்டுவந்து, சித்திரைப் பறுவத்தில் எங்கள் அம்மன் கோயில் இந்திர விழா முடிந்த மறுநாள் வல்வைக் கரையிலிருந்தே புறப்பட வேண்டும் என்பது என் ஆசை. வடகிழக்கிலிருந்து வீசும் வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்காத அந்த நாட்களில் கடல் குளம்போலக் கிடக்கும் என்பதால் மாதமும் பொருத்தமாகவே தோன்றுகிறது. படகைத் தயார்செய்வதில் எதை முதலில் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 · பழைய தண்டயல்

தம்பி, கடல் குளம்போலக் கிடக்கும் மாதத்தில் பாய்ப்படகுக்கு என்ன வேலை என்று முதலில் யோசியுங்கள். உங்களுக்கு வேண்டியது காற்று. எங்கள் பெரியவர்கள் ஆண்டைக் காற்றால்தான் பிரித்தார்கள்: மார்கழியிலிருந்து மாசி வரை வாடை, வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகம், இடையிடையே கொண்டல் என்ற கிழக்குக் காற்றும் கச்சானும். (கச்சான் என்றதும் கோயில் வீதியில் சுருளில் விற்கும் கடலையை நினைக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், இங்கே அது மேற்குக் காற்று.) மேற்கே போகிறவனுக்கு வாடை முதுகில் கைவைத்துத் தள்ளும் காற்று. தைப்பொங்கலன்று உங்கள் ஊர்க் கடற்கரையில் ஆளுயரப் பட்டங்கள் விடிய ஏறிப் பொழுதுபடும்வரை அசையாமல் நிற்பது எந்தக் காற்றில் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பட்டத்தைச் சித்திரையில் ஏற்றிப் பாருங்கள்.

அடுத்தது, வல்வைக் கரை. அது வடக்கைப் பார்த்த திறந்த கரை, முன்னால் முருகைக்கல் பார், ஒதுங்க ஒரு மூலையும் இல்லை. 1.7 மீற்றர் ஏராவுடன் அங்கே நங்கூரமிட்டு உறங்க மாட்டீர்கள். யாழ்ப்பாணக் கடனீரேரியின் பெரும்பகுதியும் அந்த ஏராவுக்குப் போதாது. காங்கேசன்துறை அலைதாங்கிக்கு உள்ளே வேண்டுமானால் நிற்கலாம்.

#3 · பனிக்கடல்

பேர்கனிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் கரவெட்டி. அத்திலாந்திக்கை இரண்டு முறை இதே அளவுப் படகில் கடந்திருக்கிறேன், ஆனால் இந்து சமுத்திரத்தில் ஓடியதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாதத்தைப் பற்றித் தண்டயல் ஐயா சொன்னதுடன் மூன்று விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

வங்காள விரிகுடாவில் சூறாவளிகளுக்கு ஆண்டில் இரண்டு உச்சங்கள் உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான காலத்தை யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிவார்கள், சித்திரை வைகாசியை மறந்துவிடுகிறார்கள். 2016 மே மாதத்தில் ரோனு என்று பின்னர் பெயரிடப்பட்ட தாழமுக்கம் இலங்கையை ஒட்டியே உருவாகி, அரநாயக்கவில் மலையைச் சரித்துவிட்டு வடக்கே ஏறியது. சித்திரைப் பறுவம் கழித்துப் புறப்படும் படகு, கிழக்குக் கரை வழியே காலிக்கு இறங்கும் நாட்களில் அந்த இரண்டாவது உச்சத்தின் வாசலில் நிற்கும்.

இரண்டாவது, நீரோட்டம். இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல்-மே, ஒக்ரோபர்-நவம்பர் மாதங்களில் மத்திய கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி விரைந்த நீரோட்டம் ஒன்று எழுகிறது. 1973 இல் அதை விவரித்த கிளவுஸ் விர்ட்கியின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். வலுத்த நிலையில் அது இரண்டு நொட், அதாவது மணிக்கு இரண்டு கடல்மைல் வேகத்தையும் எட்டும். உங்கள் படகு நாளொன்றுக்கு 110 கடல்மைல் ஓடுமென்றால், அதில் நாற்பதுக்கும் மேற்பட்டதைக் கடல் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். கன் தீவு மத்திய கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. அங்கிருந்து மாஹே ஏறத்தாழ 1,100 கடல்மைல் மேற்கே. சித்திரையில் வல்வையை விட்டவர் அந்த ஓட்டத்தின் நேர் முகத்தில்தான் போய் நிற்பார்.

மூன்றாவது, இடி. பருவ இடைக்காலத்துப் பின்னேரங்களில் இலங்கையைச் சுற்றி மின்னல் எப்படி விழும் என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றிலும் வெறும் நீரிருக்க, நடுவே நிற்கும் ஒரே உயரமான உலோகம் உங்கள் பாய்மரமாகத்தான் இருக்கும்.

மாசி முற்பகுதியில் காலியை விட்டால் நான்கு நாட்களில் உலிகமு, ஏறத்தாழ 430 கடல்மைல். பங்குனி தொடக்கத்துக்குள் கன்னுக்கு இறங்கிவிட வேண்டும். தென்னிந்து சமுத்திரத்தின் சூறாவளிக் காலம் அப்போதும் முடிந்திருக்காது. ஆனால் மாஹே மத்திய கோட்டிலிருந்து ஐந்து பாகை தெற்குக்குள் இருப்பதால் அந்தப் பாதைகளுக்கு வெளியே ஒதுங்கியே இருக்கிறது. அந்த அட்சரேகைக்கு மேலும் தெற்கே இறங்காமல் ஓடுவதுதான் நிபந்தனை.

#4 · ஏராக்கட்டை

இருவருக்கும் நன்றி. மாதத்தை மாற்றுவது எனக்கு எளிதன்று. சோதித்துப் பார்க்காத படகையும் கடல்நோய் வரக்கூடிய மனைவியையும் வாடையின் கொந்தளிப்புக்குள் கொண்டுபோவதைவிட, காற்றுக் குறைந்தாலும் எஞ்சினை ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். எஞ்சின்தானே எனக்குத் தெரிந்த தொழில். மேலும், ஊர்க் கரையிலிருந்து பாய் ஏற்றிப் போவது வெறும் அலங்காரம் அன்று. அன்னபூரணிக் கப்பல் போன இடத்திலிருந்து நானும் போக வேண்டும்.

#5 · பழைய தண்டயல்

அன்னபூரணியைப் பற்றி நீங்கள் தொடங்காவிட்டால் வேறொருவர் தொடங்கியிருப்பார். எனக்கும் அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும், ஆனால் அதைச் சாட்சிக்கு அழைப்பவர் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். வல்வையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட, எண்பதடிக்கும் மேல் நீளமான கப்பல் அது. சரக்கேற்றித் தொழில் செய்து கொண்டிருந்ததை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார்; 1938 இல் எங்கள் ஆட்கள் அதை மாசச்சூசெட்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்தார்கள். ரொபின்சன் அதற்கு முன்பே 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றி வந்தவர். கப்பலை ஓட்டிய எங்கள் ஆட்களோ பிறந்ததிலிருந்து பாய்க்கப்பலில் வளர்ந்தவர்கள். உங்களிடம் இருப்பது ஒரு 33 அடிப் படகு, ஒரு எஞ்சின் பொறியியலாளர், கடல்நோய் வரக்கூடிய ஒரு பிள்ளை. கோபிக்க வேண்டாம், கணக்கை மட்டும் சொல்கிறேன்.

எஞ்சினை நம்பும் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். தாங்கியில் எத்தனை லீற்றர், மணிக்கு எத்தனை லீற்றர்?

#6 · ஏராக்கட்டை

தாங்கி 100 லீற்றர். ஐந்து நொட் வேகத்துக்கு மணிக்கு இரண்டரை லீற்றர். ஆக நாற்பது மணித்தியாலம், 200 கடல்மைல். கடைசிக் கட்டம் மட்டுமே 1,100. ஒப்புக்கொள்கிறேன், ஐயா.

#7 · பைபர் வேலைக்காரன்

நான் குருநகரில் மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் வேலை செய்பவன். எங்களிடம் வருகிற படகுகள் பதினெட்டடி, இருபத்துமூன்றடி. பாய்மரமுள்ள படகு என் கையில் இரண்டுதான் வந்திருக்கிறது. ஆனாலும் பைபர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் உடைகிறது.

மாதத்தைப் பற்றி வாதாடுவதற்கு முன்னர் பாய்மரத்தைப் பிடித்துவைத்திருக்கும் கம்பிகள் படகின் உடலுடன் சேரும் இடத்தைப் பாருங்கள், அண்ணா. செயின்பிளேட் என்னும் அந்தத் துருப்பிடிக்காத உருக்குப் பட்டைகள் மேற்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி, உள்ளே ஒரு பலகைச் சுவருடன் போல்ற் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். தளத்தைத் துளைக்கும் இடத்தில் பூசிய மெழுக்கு பத்து ஆண்டுகளில் வெடித்து, மழைநீர் பட்டையைத் தடவிக்கொண்டு உள்ளே இறங்கும். துருப்பிடிக்காத உருக்கு என்று நாம் அழைப்பது காற்று படும்வரைதான் துருப்பிடிக்காது. ஈரம் நிற்கிற, காற்றுப் புகாத இடுக்கில் அது உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். மேலே தெரிகிற பகுதி கண்ணாடிபோல மின்னும், தளத்தின் தடிப்புக்குள் மறைந்திருக்கிற இரண்டு அங்குலத்தில் பட்டை பாதியாகியிருக்கும். கழற்றாமல் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே கழற்றுங்கள், ஒன்றுவிடாமல்.

பலகைச் சுவரை ஒரு சிறிய சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பலகை “டக்” என்று சொல்லும், உக்கிய பலகை பழுத்த பலாப்பழத்தைத் தட்டுவதுபோல “தொம்” என்று சொல்லும். சுக்கானையும் அவ்வாறே தட்டிப் பாருங்கள். கரைக்கு ஏற்றி இரண்டு நாட்கள் ஆன பின்னும் சுக்கானின் கீழ் விளிம்பிலிருந்து நீர் கசிந்தால் உள்ளே நுரை நனைந்துவிட்டது என்று பொருள், உள்ளிருக்கும் உருக்குச் சட்டமும் நனைந்தே இருக்கிறது.

பலகை மாற்ற நேர்ந்தால் ஒரு விடயத்தில் கவனம் தேவை. எங்கள் ஊரில் எல்லோரிடமும் இருப்பது பொலியெஸ்ரர் றெசின், அதற்கேற்ற மற் என்னும் கண்ணாடியிழை விரிப்பு. பழைய பைபருக்கு மேல் புது வேலை ஒட்டி நிற்க வேண்டுமென்றால் எப்பொக்சி என்னும் வேறு வகை றெசின்தான் நல்லது. ஆனால் எப்பொக்சியை வாங்கிவந்து அதே மற்றுக்கு ஊற்றுகிறார்கள். அந்த மற்றின் இழைகளைச் சேர்த்துவைத்திருக்கும் பசை பொலியெஸ்ரரில் உள்ள ஸ்ரைரீனில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எப்பொக்சியில் ஸ்ரைரீன் இல்லாததால் அது கரையாமல் வெள்ளை வெள்ளையாக உள்ளே நின்றுவிடும். நெய்த துணி, அல்லது தைத்த துணி என்று கேட்டு வாங்குங்கள். கடைசியில் எப்பொக்சி பூசிய இடத்துக்கு மேல் மறுபடி பொலியெஸ்ரர் பூசக்கூடாது. அது உரிந்து கையோடு வரும்.

#8 · ஏராக்கட்டை

மூன்று வாரங்கள் எழுதாததற்கு மன்னிக்கவும். படகைக் கரையேற்றி, ஆறு செயின்பிளேட்டுகளையும் கழற்றினோம். வலப்பக்கத்துப் பிரதான பட்டையில் போல்ற் துளையிலிருந்து விளிம்புவரை மயிரிழை வெடிப்பு. படகை விற்றவர் கம்பிகள் எல்லாம் புதியவை என்று சொன்னது பொய் அல்ல. கம்பிகள் புதியவைதான், அவை பிடித்திருந்த உருக்கு 1984 ஆம் ஆண்டினது. பலகைச் சுவரில் ஓரிடத்தில் திருப்புளி கைப்பிடிவரை போயிற்று. குருநகர்த் தம்பி வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைக்கே வந்து பார்த்ததற்கு இந்த இழையிலும் நன்றி சொல்லிவைக்கிறேன்.

நீர்மட்டத்துக்குக் கீழே உடலைத் துளைத்துச் செல்லும் வால்வுகள் எட்டு. அவற்றில் இரண்டு வெண்கலம் அல்ல, வெறும் பித்தளை. சுரண்டியபோது மஞ்சளுக்குப் பதிலாகச் செம்பு நிறம் தெரிந்தது. உப்புநீர் நாகத்தை உறிஞ்சிக்கொண்டு சல்லடைச் செம்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. ஒன்று சாவியைத் திருப்பும்போதே கையில் ஒடிந்தது. கடலில் ஒடிந்திருந்தால் ஒன்றரை அங்குலத் துளையால் நீர் ஏறியிருக்கும். எட்டையும் மாற்றிவிட்டேன், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவுக்குச் சீவிய மரத் தக்கையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கப்பலில் கற்ற பழக்கம் ஒன்றாவது இங்கே உதவுகிறது.

சித்திரைத் திட்டத்தை இன்னும் கைவிடவில்லை. ஆனால் இந்த ஆண்டு என்பதைக் கைவிட்டுவிட்டேன்.

#9 · பனிக்கடல்

ஓராண்டு பிந்துவது நல்ல செய்தி. அந்த ஓராண்டில் சுக்கான் பிடிப்பது யார் என்ற கேள்விக்கு விடை தேடுங்கள். கன்னிலிருந்து மாஹே வரையான கடைசிக் கட்டத்தில் இரண்டு பேர் பன்னிரண்டு நாட்கள் இரவும் பகலும் கையால் சுக்கான் பிடிக்க முடியாது. மின்சார ஓட்டோபைலட் சராசரியாக மூன்று அம்பியர் இழுக்குமானால் நாளுக்கு 72 அம்பியர்-மணி. குளிர்பெட்டிக்கு நாற்பது, விளக்கு, றேடியோ, சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் எல்லாவற்றுக்கும் இருபது. மொத்தத்தில் ஒன்றரைக் கிலோவாட்-மணிக்கு மேல். பாயின் நிழல் விழுகிற 400 வாட் சூரியத் தகடுகளிலிருந்து அதை ஒவ்வொரு நாளும் எடுக்க முடியும் என்று எண்ண வேண்டாம்; முகில் மூடிய இரண்டு நாட்கள் போதும், பற்றறி படுத்துவிடும்.

இதற்காகத்தான் நெடுந்தூரம் போகிறவர்கள் படகின் பின்புறமான கடையாரில் விண்ட்வேன் பூட்டுகிறார்கள். காற்றின் திசைக்கு ஒரு தகட்டை நிறுத்தி, படகு திசைமாறும்போது தகடு சாய்ந்து, அந்தச் சாய்வு நீருக்குள் இருக்கிற ஒரு துடுப்பைத் திருப்பி, ஓடுகிற நீரின் விசையே சுக்கானை இழுக்கும்படி செய்த பொறி அது. ஒரு மின்கம்பியும் இல்லை. காற்று வலுக்க வலுக்க அதன் வலுவும் கூடும். ஆனால் பாய்களைச் சமன்செய்யாமல் அதன் தலையில் எல்லாவற்றையும் சுமத்தினால் அது தோற்றுப்போகும். பாயைக் குறைக்கவேண்டிய நேரத்தை முதலில் உங்களுக்குச் சொல்வதும் அதுதான். பழையதொன்று கிடைத்தாலும் வாங்குங்கள், உதிரிப்பாகங்களைச் சேர்த்து வாங்குங்கள். சுக்கான் அச்சுடன் நேரடியாகப் பூட்டக்கூடிய அவசரக் கைப்பிடி ஒன்றையும் செய்து, துறைமுகத்துக்குள் அல்ல, அலையிலேயே ஒரு முறை பூட்டிப் பாருங்கள். எங்கள் படகில் அது பூட்டியதும் ஆள் நிற்க இடமிருக்கவில்லை.

பாய்மரம் முறிவதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. 2018 செப்டெம்பரில் தென்னிந்து சமுத்திரத்தில் இந்தியக் கடலோடி அபிலாஷ் டோமியின் படகு புரட்டப்பட்டுப் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு காயப்பட்ட நிலையில் அவர் கிடந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். நீங்கள் போகும் கடல் அதுவல்ல. எனினும் முறிந்த மரத்தை விடுவிக்கக் கம்பியை வெட்டும் கத்திரியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இருட்டில் கேட்டால் இருவருக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

#10 · இரண்டாம் சாமம்

இந்த இழையில் “கடல்நோய் வரக்கூடிய மனைவி” என்று இருமுறை குறிப்பிடப்பட்டவள் நான். இனி நானே எழுதுகிறேன்.

கடல்நோய் வருவது உண்மை. முதல் இரண்டு நாட்கள் வரும், மூன்றாம் நாள் போய்விடும். இதைத் திருகோணமலைக் குடாவுக்கு வெளியே நான்கு முறை போய்ப் படுத்து உறுதிசெய்திருக்கிறேன். கடந்த 2024 ஒக்ரோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு எட்டு மாதங்களில் உலகைச் சுற்றிய தாரிணிப் படகில் இருந்தவர்கள் இரண்டே பெண்கள், அவர்களுள் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். அவர்கள் கடற்படை அதிகாரிகள், 56 அடிப் படகு, பல ஆண்டுப் பயிற்சி. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும் தமிழ்ப்பெண் ஒருத்தி தென்னமெரிக்காவின் ஹோர்ன் முனையைச் சுற்றியிருக்கிறாள் என்ற பின்னர் என்னை மூட்டையாகக் கணக்கிட வேண்டாம் என்று தண்டயல் ஐயாவிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

காவல் முறையைப் பற்றி ஆளுக்கொரு அட்டவணை எழுதுகிறார்கள். இரண்டு பேருக்கு மூன்று மணித்தியாலம் விழிப்பு, மூன்று மணித்தியாலம் உறக்கம் என்பதே பலருடைய முடிவு. அதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோதுதான் நம்முடைய சாமம் ஏழரை நாழிகை, அதாவது சரியாக மூன்று மணித்தியாலம் என்பது நினைவுக்கு வந்தது. இரவுக்கு நான்கு சாமம், ஆளுக்கு இரண்டு. முதலாம், மூன்றாம் சாமங்கள் அவருக்கு; இரண்டாம், நான்காம் சாமங்கள் எனக்கு. என் பெயர் அங்கிருந்து வந்தது.

உணவில் யாழ்ப்பாணத்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. புழுக்கொடியல், ஒடியல்மா, பனாட்டு, பனங்கட்டி, மோர்மிளகாய், வடகம், எள்ளுருண்டை எல்லாம் குளிர்பெட்டி இல்லாத காலத்திலேயே கெடாமல் இருக்கக் கற்றுக்கொண்டவை. வறுத்த அரிசிமாவும் மிளகாய்த்தூளும் ஈரம் படாமல் அரைக்கிலோ அரைக்கிலோவாகக் கட்டியிருக்கிறேன்; பெரிய டப்பா ஒன்றில் ஒரு கரண்டி ஈரம் போனால் முழுவதும் போயிற்று. கருவாட்டைப் படகுக்குள் விடுவதில்லை என்பது கடல்நோய்க்காரியின் ஆணை. சோறு பிரசர் குக்கரில், மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் சேர்த்து. உப்பும் மிச்சம், நன்னீரும் மிச்சம். இடி முழங்கும்போது, மின்னல் தாக்கிக் கெடாமலிருக்க, கையடக்க ஜிபிஎஸ்ஸும் சிறிய றேடியோவும் அதே குக்கருக்குள் போய்விடும்.

தண்ணீர்தான் எனக்குக் கவலை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு நான்கு லீற்றர் என்றால் பன்னிரண்டு நாட்களுக்கு 96 லீற்றர். அதே அளவு மேலதிகமாக வேண்டும் என்பது என் கணக்கு, காற்று விழுந்தால் பன்னிரண்டு இருபத்திரண்டாகும். தாங்கிகள் இரண்டும் தனித்தனி வால்வுடன் இருக்க வேண்டும், ஒன்று கெட்டால் மற்றது பிழைக்கும். அதற்கு மேல் இருபது லீற்றர்க் கலன்கள் நான்கு, அவற்றை ஒருபோதும் தாங்கிக்குள் ஊற்றுவதில்லை. எங்கள் வீட்டுக் கிணற்று நீரை ஏற்றலாம் என்று இவர் சொன்னார். சுண்ணக்கல் நீர் கேத்திலுக்குச் செய்வதைப் பம்பிக்கும் செய்யும் என்று மறுத்துவிட்டேன்.

#11 · பழைய தண்டயல்

பிள்ளை, மூட்டை என்று நான் சொல்லவில்லை. சொன்னதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளவும். சாமக் கணக்கு எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று இன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#12 · கோணேசர் மலை

திருகோணமலையில் கப்பல் முகவர் பணியில் இருக்கிறேன். பாயையும் பலகையையும் பற்றி எனக்குத் தெரியாது. காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் காற்றுக்காகக் காத்திருந்து தவறவிட்டவர்களைவிடக் காகிதத்துக்காகக் காத்திருந்து காற்றைத் தவறவிட்டவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இலங்கைக் கொடியுடன் வெளிநாடு போகிற படகுக்கு வணிகக் கப்பற்றொழில் செயலகத்தின் பதிவு வேண்டும். றேடியோவுக்கும் ஏஐஎஸ்ஸுக்கும் அழைப்புக்குறியும் படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமிருந்து பெறவேண்டியவை. அந்த எண் கிடைத்த பின்னரே 406 மெகாஹேர்ட்ஸ் அவசர ஒளிபரப்பியைச் சரியாகப் பதிவுசெய்ய முடியும். இரண்டாம் கையாக வாங்கியதில் பழைய உரிமையாளரின் நாட்டுக் குறியீடே இருந்தால், நீங்கள் அழுத்தும்போது மணி அடிப்பது வேறொரு கண்டத்தில். கடைசித் துறைமுகம் கொடுக்கிற வெளியேற்றச் சான்று இல்லாமல் அடுத்த நாட்டில் கால்வைக்க முடியாது. மாலைதீவிலும் சீஷெல்ஸிலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டிய விசா இல்லாமலே நுழையலாம் என்பது விமானப் பயணிகள் அறிந்த விடயம். படகில் வருபவருக்கும் அது அப்படியே பொருந்தும் என்று எண்ணாமல் அந்தந்த நாட்டு முகவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தமானை வழியில் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அது எதிர்த்திசை என்பது ஒருபுறமிருக்க, அங்கே தனி அனுமதியும் வேண்டும்.

ஊரிலிருந்து புறப்படும் ஆசை குறித்து ஒரு வார்த்தை. பாக்கு நீரிணையில் இரவில் ஓடுவதென்றால் விளக்கில்லாத வலைகளுக்கும் எல்லை தாண்டிவரும் இழுவைப் படகுகளுக்கும் நடுவே ஓடுவதாகும். கடற்படைக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் அங்கே ஒரு பாய் தெரிந்தால் கேள்விகள் வரும், கேட்பவர்களிலும் தவறில்லை. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை 110 கடல்மைல்தான். ஆனால் வாடை காலத்தில் பருத்தித்துறை முனைவரை காற்றுக்கு எதிரே ஏற வேண்டும். படகு ஏற்கனவே திருகோணமலையில் நிற்கிறது. எதற்காக அதை மேலே கொண்டுபோய் மறுபடி கீழே கொண்டுவருகிறீர்கள்?

#13 · பைபர் வேலைக்காரன்

நன்னீராக்கும் இயந்திரம், செய்மதி இணையம் இரண்டையும் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன். வேண்டாம் என்பவர்களும் வேண்டும் என்பவர்களும் வேறு இழைகளில் ஆண்டுக்கணக்காக அடிபட்டுக்கொண்டிருக்கிறார்கள், இங்கே அதைத் தொடக்க வேண்டாம். நங்கூரத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன்: 60 மீற்றர்ச் சங்கிலி என்று அண்ணா தொலைபேசியில் சொன்னார். மாலைதீவில் இருபது மீற்றர் ஆழத்தில் நங்கூரமிட நேர்ந்தால் அது ஆழத்தின் மூன்று மடங்குதானே?

#14 · பனிக்கடல்

சரியான கேள்வி. சங்கிலிக்கு ஐந்து மடங்காவது வேண்டும். 40 மீற்றர்க் கயிற்றைப் பின்னால் இணைத்தால் கணக்கு நேராகும். கயிறு முருகைக்கல்லில் உராயக்கூடாது என்பதால், அடியில் சங்கிலி, நடுநீரில் கயிறு என்று நிற்க வேண்டும். சிறிய மிதவைகள் இரண்டை இடையில் கட்டினால் சங்கிலி பாறைகளுக்கிடையே சுற்றிக்கொள்ளாமல் தூக்கி நிற்கும். தீவுகளுக்குள் நுழைவது காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் மட்டும். சூரியன் உச்சியிலோ முதுகுப்பக்கமோ இருந்தால்தான் நீரின் நிறத்திலிருந்து பாரின் ஆழம் தெரியும்.

#15 · ஏராக்கட்டை

காலியிலிருந்து எழுதுகிறேன். சித்திரைத் திட்டத்தைக் கைவிட்டு, நீங்கள் சொன்னபடியே தை மாதக் கடைசியில் திருகோணமலையை விட்டோம். 240 கடல்மைல், ஐந்து நொட் வேகம், இரண்டு இரவுகள் என்று கணித்தோம். ஐம்பத்தேழு மணித்தியாலம் ஆயிற்று.

மட்டக்களப்புக்கு வெளியே வாடை எதிர்பார்த்ததைவிட வலுத்து, பிரதான பாயை இரண்டாம் மடிப்புவரை குறைத்தோம். விண்ட்வேன் நாள் முழுவதும் சுக்கான் பிடித்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் எஞ்சின் அறையில் இருந்தவன், சத்தமே போடாமல் வேலை செய்யும் அந்தப் பொறியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தேன். அந்த அமைதி முதல் இரவு இரண்டாம் சாமத்தில் முடிந்தது. டீசல் தாங்கியின் அடியில் கிடந்த கசடு குலுங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துவிட்டது. துறைமுகத்துக்குள் ஆறு மாதங்கள் அந்த எஞ்சினை நான் ஓட்டிப் பார்த்தபோது கசடு அடியிலேயே உறங்கியிருக்கிறது. தாங்கிக்குள் கைபோகும் வாய் ஒன்றை வெட்டித் துடைத்திருக்க வேண்டும், என் சொந்தத் தொழிலில் நானே விட்ட பிழை. பாய் இருந்தபடியால் அவசரப்படாமல் வடிகட்டியை மாற்றினேன். காற்றில்லாத சித்திரையில் அது நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதைத் தண்டயல் ஐயா கேட்பதற்கு முன்னர் நானே எழுதிவிடுகிறேன்.

சின்ன இராவணன் கோட்டை, பெரிய இராவணன் கோட்டைப் பாறைகளின் வெளிச்சவீடுகளை நல்ல தூரம் விட்டுக் கடந்தோம். தெய்வேந்திர முனைக்கு வெளியே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கையில் போவதுபோலப் போகின்றன. நான் வேலை செய்த கப்பல்களும் இதே வழியால் போனவைதான், மேலேயிருந்து ஒரு 33 அடிப் படகை யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஏஐஎஸ் இருந்தும் கண்ணை எடுக்கவில்லை. நான்காம் சாமத்தில் மனைவி என்னை எழுப்பினார், கப்பல் என்று எண்ணிப் பதறி எழுந்தேன். திமிங்கிலம் மூச்சுவிட்டது.

மாசியில் இங்கிருந்து புறப்படுகிறோம். காலியை விட்டதும் தீவின் மறைவில் காற்று விழுந்துவிடும், மன்னார்க் குடாவிலிருந்து இறங்கும் வாடை மேற்கே ஒரு நாள் ஓடிய பின்னரே பிடிக்கும் என்று இங்கே நிற்கும் வெளிநாட்டுப் படகுக்காரர்கள் சொல்கிறார்கள். டீசல் தாங்கி இப்போது சுத்தமாக இருக்கிறது.

வல்வையிலிருந்து புறப்படவில்லை. இந்திர விழாவுக்கு நாங்கள் மாஹேயில் இருப்போம்.

#16 · இரண்டாம் சாமம்

அவர் எழுதாமல் விட்டது ஒன்று. புழுக்கொடியலில் பாதி இரண்டே இரவுகளில் தீர்ந்துவிட்டது. முதலாம், மூன்றாம் சாமங்களில்தான் அது குறைந்திருக்கிறது. அடுத்த வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து காலிப் பக்கம் வருகிறவர்கள் இருந்தால் இரண்டு கிலோ கொண்டுவந்து தரமுடியுமா? காசு கையில் தருவேன். அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுக்கவும்.